ஒன்பதாம் பழம்

நான் எலுமிச்சம்பழத்தில் பிறந்தவன். இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் சொன்னால், அந்த வருஷம் பழம் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்பார்கள்.

விழுப்புரத்துக்குத் தெற்கே வேலம்பட்டு எங்கள் ஊர். பங்குனி உத்திரத் திருவிழாவின் ஒன்பது நாளும், நாளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை முருகன் வேலில் குத்தி வைப்பார்கள். திருவிழா முடிந்ததும் ஒன்பதும் ஏலத்துக்கு வரும். எடுப்பவர்கள் பிள்ளையில்லாத தம்பதிகள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு நின்று, தோலையும் கொட்டையையும் துப்பாமல் இரண்டு பேரும் தின்ன வேண்டும். முதல் பழத்துக்குத்தான் அடிதடி. ஒன்பதாம் பழம் எப்போதும் மலிவு. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, என் அப்பா ஒரு கிடாரியை விற்று ஒன்பதாம் பழத்தை எடுத்தார். ஏழாம் மாசமே நான் வந்து விழுந்தேன். கனிவேல் என்று பெயர் வைத்தார்கள். ஊருக்கு நான் வெறும் 'பழம்'தான்.

அந்தப் பழம் படித்துப் பெரியவனாகி, சிறுசேரியில் 'ஏழுகடல்' என்ற இணைய விளையாட்டை நடத்தும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது. நாலு கோடிப் பேர் விளையாடும் கடல் அது. கப்பல் கட்டலாம், தீவு பிடிக்கலாம், சுறா வேட்டைக்குப் போகலாம். அங்கே காசுக்குப் பெயர் வராகன். சுறாவைக் கொன்றால் வராகன், மரம் வெட்டினால் வராகன். அது வெறும் எண்ணாக இருந்தவரை யாருக்கும் தொல்லையில்லை. வராகனை ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் வந்த நாளில் எண் கூலியாகிவிட்டது. கப்பல் கட்டுகிற பணக்காரனுக்கு மரம் வெட்டப் பொறுமையில்லை, ஆள் வைத்தான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்கள் கைபேசியில் மரம் வெட்டப் போனார்கள். உளுந்தூர்ப்பேட்டைக் கடைத்தெருவில் ரீசார்ஜ் கடைக்குப் பக்கத்தில் வராகன் மாற்றும் கடை வந்தது.

அஞ்சலாட்சி அக்காவும் அப்படிப் போனவள்தான். என் பெரியப்பா மகள். பள்ளிக்கூடத்துக்கு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனவள். யாரைப் பார்த்தாலும், "இதான் எங்க பழம், முருகன் குடுத்தது" என்று என்னைக் காட்டுவாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். மச்சான் தெய்வசிகாமணி அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். பாண்டிச்சேரியில் ஒரு கிளினிக்கில் ஒரு சுற்று சிகிச்சை செய்துபார்த்தார்கள். அதற்கு நான் ஒரு லட்சம் கொடுத்தேன். தங்கவில்லை. "தம்பி காசுல பொறக்கற பிள்ள யாரு பேரச் சொல்லுமாம்?" என்று அவள் மாமியார் கேட்ட கேள்வியில், அடுத்த சுற்றைத் தன் கூலியில்தான் செய்வேன் என்று அக்கா முடிவெடுத்துவிட்டாள். ஐந்து வருஷமாக மரம் வெட்டிச் சேர்த்தாள். அவள் கைபேசியின் திரை, கட்டைவிரல் படும் இடத்தில் மங்கிப்போயிருந்தது.

தீபாவளிக்குப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா கனி, போன தீவாளிக்கு ஒரு சுத்துக்கு ரெண்டு லட்ச வராகன்னு சொன்னாங்க. இப்ப அஞ்சு லட்சமாம். டாக்டரம்மாவுக்கு எம்மாம் ஆச பாரு."

"டாக்டரம்மா ஏத்தலக்கா. ரூபாய்ல அதே மூணு லட்சந்தான். வராகன் மதிப்புதான் எறங்கிப் போச்சு."

"நான் ராவும் பகலும் வெட்டிச் சேத்து வச்சிருக்கேன். அது எப்பிடிடா எறங்கும்?"

"நீ வெட்டறதாலதான் எறங்குது," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது. "ஒன்னச் சொல்லலக்கா. ஒரு தொட்டிய நெனச்சிக்கோ. நாலு கோடிப் பேரு ஆளுக்கொரு குழாயத் தெறந்து விட்டுருக்கான். ஒவ்வொரு சுறாவுக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் புதுசா வராகன் ஊத்துது. ஊத்தற அளவுக்கு வெளிய போகலன்னா, காசு பெருத்துப் போயி பொருளு வெல ஏறிடும். வெளிய போறதுக்கு ஓட்ட போடறவன்தான் நான்."

"அப்ப போடறதுதான?"

"போட்டுக்கிட்டுதான் இருக்கேன். கத்தி தீட்டக் கூலி, படகுக்குச் சுங்கம்னு. அதுல போற காசு யாருக்கும் போகாது. அப்பிடியே அழிஞ்சிடும்."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கோடாலி தீட்ட நாளைக்கு இருவது வராகன் புடிக்கிறானே. அது நீதானா?"

தலையாட்டினேன். பணக்காரன் குளத்தில் ஒரு குவளை மொள்ளுவதற்குள் கூலிக்காரியின் சொம்பு காலியாகிவிடுகிறது. எங்கள் வடிகால்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன.

"இவ்வளவு நாள் ஏங்க்கா ரூபாயா மாத்தி வைக்கல?"

"ரூபாயா மாத்தினா வூட்ல தங்குமா? ஒரத்துக்குன்னு கேப்பாங்க, நாத்தனார் சீருக்குன்னு கேப்பாங்க. வராகன்னா எங்க மாமியாருக்குக் கண்ணு தெரியாது." சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள். "நாப்பதுக்குள்ள வான்னு டாக்டரம்மா சொன்னாங்க கனி. அதுக்கு மேல பாக்கமாட்டாங்களாம். எங்கிட்ட இருக்கறது ரெண்டு லட்சத்து இருவதாயிரம். கழுத தேஞ்சு கட்டெறும்பா ஆறதுக்குள்ள எதாச்சும் பண்ணுடா."

பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க அதே நினைப்பு. வராகன் விலையை நிறுத்த வேண்டும். அதுவும் கூலிக்காரியைத் தொடாமல், பணக்காரன் குளத்திலிருந்து மட்டும் மொள்ள வேண்டும்.

என் மேலதிகாரி ஹெப்சிபா மேடம் நாசரேத்துக்காரர். கெட்டிக்காரி, கெட்டவர் என்று சொல்லமுடியாது. கத்தி தீட்டும் கூலியை மூன்று மடங்காக்கும் திட்டத்தைக் கையில் வைத்திருந்தார். வேண்டாம் என்றேன்.

"பிறகு என்ன செய்யச் சொல்லுத? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாவ. நம்ம ஜோலி பணக்காரன ஆத்துல போட வைக்கது. போடமாட்டேங்கானே!"

"போடுவாங்க மேடம். எங்க ஊர்ல ஒரு எலுமிச்சம்பழத்துக்கு ஒரு லட்சம் போடறாங்க."

ஏல வழக்கத்தைச் சொன்னேன். நான் அதில் பிறந்தவன் என்பதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்தார்.

"விளையாட்டுல அந்தப் பழத்தால என்ன பிரயோசனம்?"

"ஒண்ணுமே கெடையாது. அதான் அதுல விசேஷம். பிரயோசனம் இருந்தா அத வச்சி இன்னும் சம்பாதிப்பான், திரும்பக் காசு ஊறும். இது சும்மா ஒரு பழம். கப்பல் கொடியில ஒரு படம், துறைமுகத்துக் கல்லுல ஒரு பேரு. கௌரவத்துக்காகப் பணக்காரங்க அடிச்சிக்குவாங்க. ஏலத்துல வர்ற வராகன் மொத்தமும் அழிஞ்சிடும். ஏழை இந்தப் பக்கமே வரமாட்டான்."

இதை நான் சொன்னேன். வேலம்பட்டில் பிறந்து, வருஷா வருஷம் அந்த ஏலத்தைப் பார்த்து வளர்ந்த நான் சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவன்கூடக் கௌரவத்துக்காகப் பழம் எடுத்ததில்லை. தாலியை அடகு வைத்து எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவே மாட்டை விற்றுத்தான் எடுத்தார். அத்தனையும் தெரிந்தும், பொருளாதாரம் படித்த புத்திக்கு அந்த நேரத்தில் கௌரவம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

பழத்தின் கீழே ஒரு வரி எழுத வேண்டும் என்றார்கள். கோயில் பலகையில் உள்ளதை அப்படியே எழுதினேன்: 'கொண்டவர் குறை தீரும்.' மேடத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விளம்பரக்காரர்கள் வேலம்பட்டுக்கே போய், பூசாரியை வைத்து, கணினியில் வரைந்த பழத்துக்குத் தீபாராதனை காட்டிப் படம் எடுத்து வந்தார்கள். பூசாரிக்கு ஒரு மிக்ஸி கொடுத்ததாகக் கேள்வி.

தை மாசம் தொடங்கி வாரத்துக்கு ஒரு பழம், ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. முதல் பழத்தைத் துபாயிலிருந்து விளையாடும் ஒரு கப்பல் முதலாளி தொண்ணூற்றொரு லட்ச வராகனுக்கு எடுத்தார். இரண்டாவதை அவருடைய எதிரி எடுத்தார். நான் கணக்குப் போட்டபடியே அடித்துக்கொண்டார்கள். வாரா வாரம் கோடிக்கணக்கில் அழிந்தது. ஆறாவது வாரம் விலைகள் நின்றன. ஏழாவது வாரம் இறங்கின. எட்டாவது வாரம் பாண்டிச்சேரி கிளினிக்கில் ஒரு சுற்றுக்கு இரண்டு லட்சத்து அறுபதாயிரம் வராகன் என்று அக்காவே செய்தி அனுப்பினாள், கூடவே பூப்படம் ஒன்று. அவள் கையிருப்பு அதற்குள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகியிருந்தது; இன்னும் இருபதாயிரம்தான் வேண்டும். நாலு மாசத்தில் வெட்டிவிடுவாள். அன்றைக்கு நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன்.

ஒன்பதாவது ஞாயிறு. பெரிய கைகள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. ஒன்பதாம் பழத்துக்கு யாரும் அவ்வளவாக மெனக்கெடவில்லை. ஏலம் ஒரு லட்சத்தில் தொடங்கி மெல்ல ஏறி இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்தில் நின்றது. எடுத்தவர் பெயர் என் திரையில் வந்தது. 'வேலம்பட்டு அஞ்சலை.'

ஏலம் முடிந்து ஏழு நிமிஷம் காசு நிறுத்தி வைக்கப்படும். யாராவது அடுத்தவர் கணக்கைத் திருடி ஏலம் கேட்டிருக்கலாம் என்பதற்காக நாங்களே வைத்த ஏற்பாடு. அந்த ஏழு நிமிஷத்துக்குள் நான் ரத்து செய்யலாம். அதற்கு மேல் வராகன் அழிந்துவிடும், ஆண்டவனாலும் திருப்பித் தர முடியாது. போனைப் போட்டேன்.

"அக்கா! என்னா காரியம்க்கா பண்ணியிருக்க? நாலு மாசம் பொறுத்தா கிளினிக்குக்குப் போயிருக்கலாமே!"

"கத்தாதடா. தெரிஞ்சுதான் எடுத்தேன்." அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "டாக்டரம்மாவே சொல்றாங்க, மூணு பேர்ல ஒருத்திக்குத்தான் தங்குமாம். ஒரு தடவ தங்கலியே. அந்த ஒருத்தி நானாதான் இருப்பேன்னு என்னாடா நிச்சயம்? ஊர்ல பழம் எடுக்கலாம்னா ரூபாயா மாத்தணும், மாமியார் சம்மதிக்கணும், கார்ல வர்றவன்லாம் கேக்கறான். இது நானே எடுத்தது. ஒன்பதாம் பழம்டா. சின்னம்மா எடுத்த அதே ஒன்பதாம் பழம்."

"அது வெறும் படம்க்கா. நான்தான் செஞ்சேன். அதுல ஒண்ணுமில்ல."

"நீ செஞ்சன்னுதாண்டா எடுத்தேன். நம்ம ஊரு பூசாரி தீவாரண காட்டினத நான் பாத்தேன். அதுல ஒண்ணுமில்லன்னா நீ எப்பிடிப் பொறந்த?"

திரையில் மூன்று நிமிஷம் மிச்சமிருந்தது. அடுத்தவர் முடிவில் தலையிடக்கூடாது, விதிமுறைக்கு விரோதம் என்றெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எல்லாம் பசப்பு. உண்மை என்னவென்றால், எனக்கும் தெரியவில்லை. முப்பத்துமூன்று வருஷமாக ஊரே சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு பட்டப்படிப்பா அழித்துவிடும்? ஒருவேளை இருந்தால்? என் விரல் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஏழு நிமிஷம் முடிந்து, இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் வராகன் அழிந்தது. ஐந்து வருஷத்து மரங்கள்.

மறுநாள் காலையிலேயே போன்.

"கனி, பழத்தத் தொட்டா 'விற்க', 'பூட்டி வைக்க'ன்னு ரெண்டுதான் வருது. இத எப்பிடிடா சாப்பிடறது?"

நான் அழுதுவிட்டேன். போனை வைத்துவிட்டு உட்கார்ந்து ஒரு பொத்தான் செய்தேன். 'சாப்பிடு.' அமுக்கினால் பழம் பாதியாகி, கால்வாசியாகி, மறைந்துவிடும். ஒரு சின்ன மணியோசை. அவளுக்காக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது. அனுமதிக்காக மேடத்திடம் காட்டியபோது அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கனி, நீ சாமானியப்பட்ட ஆளு இல்ல. வச்சிருக்கிற சாமான ஒரு தடவதான் வாங்குவான். தின்னு தீக்கிற சாமான வருஷா வருஷம் வாங்குவான். இது எப்பிடிப்பா எனக்குத் தோணாமப் போச்சு?"

அந்த வருஷம் எனக்குச் சம்பளம் உயர்ந்தது.

அக்கா வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தலைக்கு ஊற்றி, ஈரப்புடவையோடு நின்று பொத்தானை அமுக்கினாளாம். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. ஆடியில் ஒரு வாரம் தள்ளிப்போய், எங்கள் எல்லோருக்கும் ஆசை காட்டிவிட்டு வந்துவிட்டது. அதற்கும் அவளிடம் காரணம் இருந்தது.

"நான் ஒருத்தியா அமுக்கிட்டேண்டா. மச்சான் தஞ்சாவூர்ப் பக்கம் மெஷினோட்டப் போயிருந்தாரு. ரெண்டு பேரும் சேந்துல்ல சாப்புடணும்? தப்பு என்மேலதான்."

அவள் மறுபடி மரம் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். கிளினிக்குக்கு இல்லை. அடுத்த பழத்துக்கு.

இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அப்பா போனபிறகு அம்மா என்னோடு கேளம்பாக்கத்தில் இருக்கிறாள். கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நான் பொத்தான் செய்து கொடுத்த கதையைச் சொன்னதும் அரிவாள்மணையை மடக்கிவிட்டாள்.

"சாப்ட்டுட்டாளா? ஐயோ பாவமே. நானே சாப்புடலியேடா."

"என்னாம்மா சொல்ற?"

"பழத்த நான் திங்கவே இல்ல. ஊறுகாப் பானையில போட்டுட்டேன். அப்ப எனக்குப் புளிப்பா எதாச்சும் வேணும்போல இருந்துச்சு."

எனக்குப் புரிய நேரமானது. அம்மா நிமிராமல் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்றரை வருஷம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம், இடுப்புவலி என்று ஊரில் சொல்லிவிட்டு. குறை அப்பாவிடம். மருந்து சாப்பிட்டதும் அவர்தான். மாசி மாசமே நாள் தள்ளிவிட்டது. பங்குனியில் பழத்தை ஏலம் எடுக்கும்போது நான் ஏற்கெனவே இரண்டு மாசம்.

"அப்ப ஏழாம் மாசம் பொறந்தேன்னு சொன்னது?"

"மூணேகால் கிலோ இருந்தடா. ஏழு மாசத்துப் புள்ளைக்கு அம்மாம் எடை இருக்குமா? ஊரு நம்பிச்சு. முருகன் குடுத்ததுன்னு சொன்னா நம்பாம என்னா செய்யும்?"

"மாட்ட வித்து ஒரு ஊறுகாய்க்கா காசு குடுத்தீங்க?"

"ஊறுகாய்க்கா குடுத்தோம்? ஊரு வாயி மூடறதுக்குக் குடுத்தோம். பதினோரு வருசம் இல்லாதது திடீர்னு எப்பிடி வந்துச்சுன்னு கேக்கமாட்டானுவளா? என்னப் பேசுவானுவ, இல்ல உங்கப்பாவப் பேசுவானுவ. பழம் எடுத்தோம், ஒருத்தன் வாயத் தொறக்கல." கத்திரிக்காய்களைத் தண்ணீரில் போட்டாள். "இத அஞ்சலாட்சிகிட்டப் போயி உளறாத. உங்கப்பா செத்தும் சிரிப்பா சிரிக்கவாணாம்."

இத்தனை வருஷமும் நான் ஒரு பொய்க்குச் சாட்சியாக ஊரில் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தச் சாட்சியை நம்பித்தான் அக்கா ஐந்து வருஷத்து உழைப்பைப் போட்டாள். அம்மா சொன்னதை மீறி அந்த வாரமே உளுந்தூர்ப்பேட்டைக்குப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிர் டீக்கடையில் அக்காவை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். ஆஸ்பத்திரி, மருந்து, மூணேகால் கிலோ, ஊறுகாய்ப் பானை. அக்கா டீயைத் தொடவில்லை.

"இதச் சொல்லச் சொல்லி கம்பெனி அனுப்பிச்சா?"

"அக்கா!"

"எங்கள மாரி கூலிக்காரிங்கல்லாம் ஏலத்துக்கு வந்துட்டோம்ல. பெரிய ஆளுங்களுக்குப் பழம் கெடைக்காமப் போயிடுமேன்னு பாக்கறீங்க. அதுக்காக சித்தப்பா பேரக் கெடுப்பியா? ஒன்ன வளத்தவருடா அவரு!"

"என்ன நம்பவாணாம். அம்மாகிட்டயே கேளு."

அங்கேயே போன் போட்டு, இருவரும் கேட்கும்படி மேஜையில் வைத்தேன். மணி அடித்தது. அம்மா எடுத்தாள். அக்கா குனிந்து, "சின்னம்மா, நான் அஞ்சலாட்சி பேசறேன். கனி என்னென்னமோ சொல்லிகினு இருக்கான். அவன் பழத்துல பொறக்கலியாமே?" என்றாள்.

போனில் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அவன் கெடக்கறான்டி. ரெண்டு எழுத்துப் படிச்சிட்டா சாமி இல்லம்பானுவ. பழத்துலதான் பொறந்தான். ஈரப்பொடவையோட தோலும் கொட்டையுமா முழுங்கினவ நான். எனக்குத் தெரியாதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். போனைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, டீக்குக் காசும் கொடுத்துவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள். அம்மாவை நான் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. செத்துப்போன புருஷனின் மானத்துக்கும் உயிரோடிருக்கும் ஒருத்தியின் வயிற்றுக்கும் நடுவில் அவள் எதை எடுத்தாள் என்பது எனக்குத் தெரியும். அதைச் சரி என்று சொல்ல என்னால் முடியாது.

அடுத்த பங்குனி வந்தது. கம்பெனி இப்போது துறைமுகத்துக்கு ஒன்பது பழம் என்று பெருக்கிவிட்டது; நூற்றெட்டு துறைமுகம், தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு பழம். எல்லாம் ஒரே நாளில். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு கைபேசியில் ஒரே நேரத்தில் அமுக்கும் பொத்தானும் வந்திருந்தது. நான் செய்யவில்லை, எனக்குக் கீழே இப்போது ஆள் இருக்கிறது. ஏலத்துக்குப் பதிந்தவர்களின் பட்டியலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் கூலிக்காரிகள். துபாய் முதலாளி அந்தப் பக்கமே வரவில்லை. எல்லோரும் வாங்கும் பழத்தில் அவருக்கு என்ன கௌரவம்?

"முதல்ல அந்த வரிய எடுத்துருவோம் மேடம். குறை தீரும்ங்கற வரி."

"அத போன மாசமே எடுத்தாச்சே," என்றார் ஹெப்சிபா மேடம். "எடுத்ததும் கூட்டம் ரெண்டு மடங்காயிட்டு. உண்மையாப் பலிக்கப்போய்த்தான் கம்பெனி பயந்து எடுத்துட்டுன்னு பேசிக்கிடுதாவ."

எங்கள் பக்கத்து ஆட்கள் கூடும் துறைமுகத்தின் ஒன்பதாம் பழம் எழுபத்தோராயிரத்துக்கு நின்றது. பெயர் வந்தது. 'வேலம்பட்டு அஞ்சலை.'

ஏழு நிமிஷம். இந்தத் தடவை நான் யாருக்கும் போன் செய்யவில்லை. முதல் நிமிஷத்திலேயே பொத்தானை அமுக்கினேன். 'ஏலம் ரத்து. தொகை திருப்பி அளிக்கப்பட்டது.' அவளுடைய எழுபத்தோராயிரம் அவளிடமே போயிற்று. மூச்சு விட்டேன். அடுத்த வரி தானாக வந்தது. ரத்தானால் பழம் அடுத்துக் கேட்டவருக்குப் போகும். அதுவும் நான் எழுதிய விதிதான். 'பண்ருட்டி தனக்கோட்டி, கூலி, எழுபதாயிரத்துத் தொள்ளாயிரம். கையிருப்பு மீதி: பதினான்கு வராகன்.' அவளையும் ரத்து செய்தால் அதற்கடுத்து இன்னொருத்தி. எத்தனை பேரை ரத்து செய்வது? பார்த்துக்கொண்டே இருந்தேன். தனக்கோட்டியின் ஏழு நிமிஷமும் முடிந்தது.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். டீக்கடைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள். விக்கி விக்கி அழுதாள்.

"கைக்கு வந்துச்சுடா கனி. எம்பேரு போட்டான். மச்சானும் நானும் தலைக்கு ஊத்திகினு ஈரத்துணியோட தயாரா நின்னோம். அப்பறம் இல்லன்னுட்டான். நான் என்னா பாவம் பண்ணேன்? நீ உள்ள இருக்கறியே, யாரு பண்ணதுன்னு பாத்துச் சொல்லுடா."

"தெரியலக்கா," என்றேன். "அக்கா, நான் மூணு லட்சம் தர்றேன். கடனாவே வச்சிக்கோ. நாளைக்கே பாண்டிச்சேரிக்குப் போயிடலாம். இன்னும் நாலு மாசம் இருக்கு நாப்பதுக்கு."

"சாமி குடுத்துட்டுப் புடுங்கிடுச்சு. அதுக்கப்பறம் டாக்டரு என்னாடா செய்வாரு?" மறுபடி அழுகை. பக்கத்தில் மச்சான் ஏதோ தேற்றுவது கேட்டது. "அடுத்த பங்குனிக்கு எனக்கு நாப்பது தாண்டிடும்டா. எல்லாம் முடிஞ்சிபோச்சு. எனக்கு இருந்து என்னா பிரயோசனம்?"

அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. நான்தான் ரத்து செய்தேன் என்று சொல்ல நினைத்தேன். ஊறுகாய்ப் பானையை மறுபடி சொல்ல நினைத்தேன். எதைச் சொன்னாலும் அவள் கையில் ஒன்றுமே மிஞ்சாது.

"பழத்துக்கு வயசு கெடையாதுக்கா," என்றேன்.

அவள் அழுகை நின்றது.

"மெய்யாலுமா?" என்றாள்.

"ஆமாக்கா. அடுத்த வருசம் எடுத்துக்கலாம்."